அரத்தை எடுக்கும் முன் அளவெடு: மாமாவின் பழைய மர அறுப்பு மெஷின்

பிஸ்டன் உச்சியில் நிற்கிறது. சைலன்சரைக் கழற்றிவிட்டு, புகை வெளியேறும் துவாரத்துக்குள் டார்ச் அடிக்கிறேன். அந்த நிலையில் பிஸ்டனின் பக்கச் சுவர் துவாரத்தை முழுசாக அடைத்திருக்க வேண்டும். ஆனால் கீழ் ஓரத்தில், பிஸ்டன் முடிகிற இடத்துக்கும் துவாரத்தின் தரைக்கும் நடுவே மெல்லிசாக ஒரு கறுப்புக் கோடு. இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜை எடுத்து நுழைத்துப் பார்த்தேன். 0.30 மி.மீ. தகடு தடையில்லாமல் உள்ளே போயிற்று. இரண்டு வாரம், வேலை முடிந்து வந்து ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து தேய்த்த சிலிண்டர் அது. இனி எதற்கும் உதவாது என்று அந்தக் கோடே சொல்லிவிட்டது.

எப்படி அந்த இடத்துக்கு வந்தேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன். பழைய செயின்சா எஞ்சினில் கை வைக்க நினைக்கிற யாருக்காவது ஒரு சிலிண்டர் மிச்சமானால் போதும்.

நான் பெங்களூர் பீன்யாவில் டூல்ரூம் ஃபிட்டர். வீடு ஹலசூரில். என் தாய்மாமா பேம்பூ பஜார் பக்கம் முப்பது வருஷத்துக்கு மேல் மரக்கடை வைத்திருந்தார். சக்லேஷ்பூர் பக்கத்துக் காப்பித் தோட்டத்திலிருந்து சில்வர் ஓக் வரும். நகரத்துக்குள் மழையில் சாய்ந்த தூங்குமூஞ்சி மரம் வரும். 1991-ல் ஒரு தோட்டத்துக்காரரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஹஸ்க்வர்னா 61 செயின்சாதான் அவருடைய கை. கடையை மூடிய பிறகு கோணிப்பைக்குள் சுற்றி மாடிப்படிக்கு அடியில் போட்டிருந்தார். 2015-ல் அதைக் கேட்டு வாங்கினேன். "ஓடும்டா, ஆனா முன்ன மாதிரி இழுக்காது" என்றார்.

61 என்பது 61.5 சிசி. சிலிண்டர் விட்டம் 48 மி.மீ., ஸ்ட்ரோக் 34 மி.மீ. இதே ஸ்ட்ரோக்கில் 50 மி.மீ. விட்டம் வைத்தால் 268, 52 மி.மீ. வைத்தால் 272. அதனால் பெரிய சிலிண்டர் செட்டை வாங்கி அப்படியே மாட்டி 72 சிசி ஆக்கிவிடலாம் என்று பலரும் சொல்வார்கள். சொல்வது சரிதான். வேகம் மட்டும் வேண்டுமென்றால் அதுதான் குறுக்கு வழி. எனக்கு மாமா பிடித்த அதே சிலிண்டரோடு மெஷின் ஓட வேண்டும் என்று இருந்தது. அதனால் நீள வழியில் போனேன்.

ஹலசூரில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு டூ-ஸ்ட்ரோக் மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். ஆர்.எக்ஸ் 100 பைக்குகளுக்கு போர்ட்டிங் செய்வதில், அதாவது சிலிண்டர் துவாரங்களைத் தேய்த்துப் பெரிசாக்குவதில், கைதேர்ந்தவர். யமஹா அந்த வண்டியை 1996-ல் நிறுத்திவிட்டாலும் பெங்களூரில் அதன் மேல் உள்ள ஆசை நிற்கவில்லை. மெஷினை அவரிடம் கொண்டுபோய், "அண்ணா, போர்ட் பெரிசு பண்ணணும்" என்றேன். அவர் அதைத் தொடக்கூட இல்லை.

"காத்து எங்க போவுது, எங்க வருதுன்னு பாத்தியா?"

"இல்லண்ணா."

"பாத்துட்டு வா."

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டனுக்குக் கீழே உள்ள பெட்டியான கிராங்க் கேஸும் ஒரு பம்ப். பிஸ்டன் மேலே போகும்போது கீழே வெற்றிடம் உண்டாகி, கார்புரேட்டரிலிருந்து காற்றும் பெட்ரோலும் உள்ளே வருகின்றன. கீழே வரும்போது அந்தக் கலவை அழுந்தி, பக்கவாட்டு வழிகளில் சிலிண்டருக்குள் ஏறுகிறது. இந்தப் பெட்டியில் ஊசித் துளை இருந்தாலும் கார்புரேட்டர் வழியாக வராத காற்று உள்ளே புகுந்துவிடும். கலவையில் பெட்ரோல் குறையும், பெட்ரோலோடு வருகிற ஆயிலும் குறையும், சூடு ஏறும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இருபத்தைந்து வருஷப் பழைய ரப்பரை வைத்துக்கொண்டு சக்தியைக் கூட்டுவது என்றால் பிஸ்டனைக் கொல்வதற்கு நாள் குறிப்பது போல.

சோதிக்கக் கருவி வாங்கவில்லை. வீட்டில் அம்மாவுக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய கருவி இருந்தது. அதன் ரப்பர் பல்பையும் மீட்டரையும் எடுத்துக்கொண்டேன். சைக்கிள் ட்யூப்பை வெட்டி சைலன்சருக்கு அடியில் வைத்து இறுக்கினேன், கார்புரேட்டர் பக்கத்தையும் அதே போல் அடைத்தேன். பிளக் ஓட்டை வழியாகக் காற்றை ஏற்றினேன். வழக்கமாகச் சொல்கிற சோதனை அழுத்தம் அரை பார். ரத்த அழுத்த மீட்டர் 300 வரைதான் காட்டும், அது 0.4 பார். போதும். 300-ல் நிறுத்தினேன். ஏழு எண்ணுவதற்குள் முள் 100-க்கு இறங்கிவிட்டது.

பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் கரைத்து பிரஷ்ஷால் தடவினேன். ஃப்ளைவீல் பக்க ஆயில் சீலில் நுரை கொப்புளித்தது. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள ரப்பரை வளைத்துப் பார்த்தபோது மடிப்புக்குள் நகக்கண் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. நேராக வைத்தால் கண்ணுக்குத் தெரியாது.

அழுத்தச் சோதனையோடு நிறுத்தாதீர்கள், வெற்றிடச் சோதனையும் செய்யுங்கள். சீலின் உதடு உள்பக்கம் பார்த்து இருக்கும். உள்ளே காற்றடித்தால் அது ஷாஃப்ட்டோடு அழுந்தி, தேய்ந்த சீல்கூட நல்ல சீல் போல நடிக்கும். உறிஞ்சினால்தான் குட்டு உடையும். என் மெஷினில் கிளட்ச் பக்க சீல் காற்றடித்தபோது சும்மா இருந்தது, உறிஞ்சியபோது விட்டுக்கொடுத்தது.

இரண்டு சீல், அந்த ரப்பர், பெட்ரோல் ட்யூப், கார்புரேட்டர் டயாபிரம் செட், ஒரு புது பிஸ்டன் ரிங். இவ்வளவும் மாற்றினேன். கிளட்ச்சைக் கழற்றும்போது கவனம்: மரை இடது பக்க மரை, கடிகாரம் சுற்றும் திசையில் திருகினால்தான் கழலும். பிஸ்டனை நிறுத்த இரும்பு எதையும் விடாதீர்கள். பிளக் ஓட்டை வழியாக நைலான் கயிற்றைத் திணித்துவிட்டுச் சுற்றினால் பிஸ்டன் மெத்தையில் மோதுவது போல நிற்கும்.

அடுத்தது நேரம். பட்டறைக்குப் பின்னால் மாமா விட்டுவைத்த தூங்குமூஞ்சிக் கட்டை ஒன்று, நாற்பது செ.மீ. விட்டம். மெஷினை வாங்கி வந்த நிலையில், நன்றாக அரம் பிடித்த செயினோடு ஒரு வெட்டுக்கு 28 வினாடி ஆனது. காற்றுக் கசிவை அடைத்து, கார்புரேட்டரைச் சரியாக வைத்த பிறகு 24. இதுவரை எதையும் பெரிசாக்கவில்லை. பழையதை அதன் நிலைக்குக் கொண்டுவந்தேன், அவ்வளவுதான்.

சைலன்சர் பக்கம் போனேன். புகைத் துவாரத்தின் பரப்பு சுமார் 300 சதுர மி.மீ.; சைலன்சர் பெட்டியின் வாய் அதில் பாதிகூட இல்லை. துவாரப் பரப்பில் முக்கால் பங்கு அளவுக்கு வாய் இருந்தால் நல்லது. பெட்டியின் முன்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டு, ஒரு சின்னக் குழாயை பித்தளைப் பற்று வைத்து ஒட்டினோம். தீப்பொறியைத் தடுக்கிற கம்பி வலையை இரண்டு வாயிலும் வைத்தேன். காய்ந்த மரத்தூளுக்கு நடுவே வேலை செய்கிற கருவியில் அதை எடுத்துவிடுகிறவர்களை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. சைலன்சரைத் திறந்த அன்றே, கார்புரேட்டரில் முழு ரேஸுக்கான பெட்ரோல் அளவை வைக்கும் எச் திருகையும் கொஞ்சம் திறந்தாக வேண்டும். புகை எளிதாகப் போனால் உள்ளே வரும் காற்றும் கூடும், பெட்ரோல் அதோடு சேர்ந்து கூடாவிட்டால் மறுபடியும் சூடுதான். வெட்டு 22 வினாடிக்கு வந்தது.

ஆர்.எக்ஸ் 100-க்குப் போடுகிற மாதிரி வயிறு பெருத்த நீள சைலன்சர் இதற்குப் போட முடியாதா என்று அண்ணனிடம் கேட்டேன். "கையில புடிச்சு மரத்துக்கு நடுவுல நுழைக்கிற மெஷினுக்கு அதையா மாட்டுவ?" என்றார். பைக்கின் கணக்கை செயின்சாவுக்குத் தூக்கிவரக் கூடாது என்பது அப்போதுதான் உறைத்தது. பைக்குக்கு கியர் உண்டு. மரத்தை அறுக்கும்போது பாரத்தில் சுற்று குறையும், அங்கே இழுவை இருக்க வேண்டும். மேல் சுற்றில் மட்டும் கத்துகிற எஞ்சின் மரத்தில் போட்டதும் மூச்சு விட்டுவிடும்.

இனி சிலிண்டர். இங்கே ஒன்று சரியாகச் செய்தேன்: அசல் சிலிண்டரைத் தொடாமல், பழகுவதற்கென்று 48 மி.மீ. மாற்றுச் சிலிண்டர் ஒன்றை மலிவாக வாங்கினேன். அது இல்லையென்றால் மாமாவின் சிலிண்டர் இன்று பழைய இரும்புக் கடையில் இருந்திருக்கும்.

முதலில், பிஸ்டன் தலைக்கும் சிலிண்டர் ஓரத்துக்கும் உள்ள இடைவெளி. எஸ்.பி. ரோட்டில் வாங்கிய சால்டர் கம்பியை பிளக் ஓட்டை வழியாக சிலிண்டர் சுவரைத் தொடும் வரை விட்டு, கையால் ஒரு சுற்று சுற்றினால் கம்பி நசுங்கும். நசுங்கிய முனையை வெர்னியரில் அளக்க வேண்டும். பிஸ்டனைத் தாங்கும் குறுக்கு ஊசி இருக்கிற இடது, வலது பக்கம்தான் கம்பியை விட வேண்டும். முன்னும் பின்னும் விட்டால் பிஸ்டன் சாய்ந்துகொடுத்து தப்பான அளவு வரும். எனக்கு 1.05 மி.மீ. வந்தது. சிலிண்டருக்கு அடியில் உள்ள பேக்கிங் அரை மி.மீ. அதை எடுத்துவிட்டு, சூடு தாங்கும் அனபாண்ட் பசையை மெல்லிசாகத் தடவி உட்கார வைத்தால் 0.55. கம்ப்ரஷன் ஏறும், கலவை நன்றாகக் கலங்கி எரியும். அரை மி.மீ.க்குக் கீழே நான் போக மாட்டேன். சூட்டில் எல்லாம் நீளும்.

என் தப்பு இங்கேதான் தொடங்கியது. பேக்கிங்கை எடுத்தால் சிலிண்டர் மொத்தமும் அரை மி.மீ. கீழே இறங்குகிறது. அதோடு எல்லாத் துவாரங்களும் இறங்குகின்றன. புகைத் துவாரம் தாமதமாகத் திறக்கும், கலவை ஏறும் வழிகளும் தாமதமாகத் திறக்கும், கார்புரேட்டர் வழி மட்டும் முன்கூட்டியே திறக்கும். இதையெல்லாம் யோசித்தேன். புகைத் துவாரத்தின் தரையும் இறங்குகிறது என்பதை யோசிக்கவில்லை.

பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதன் அடிவிளிம்பு அந்தத் தரைக்குக் கீழே 1.2 மி.மீ. வரை வந்து மூடியிருந்தது. பேக்கிங்கை எடுத்ததில் அரை மி.மீ. போயிற்று. மிச்சம் 0.7. நான் என்ன செய்தேன் என்றால், துவாரம் பெரிசானால் நல்லது என்று தரையையும் ஒரு மி.மீ. இறக்கித் தேய்த்தேன். 0.7-ல் ஒன்று போனால் மைனஸ் 0.3. ஃபீலர் கேஜ் சொன்னது அதைத்தான். பிஸ்டன் உச்சிக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் கிராங்க் கேஸ் நேராக சைலன்சரைப் பார்த்துத் திறந்துகொள்ளும், புகையை உள்ளே இழுக்கும். மாட்டி ஓட்டியும் பார்த்தேன். ரேஸில் கத்தியது, ஐட்லிங்கில் இரண்டு வினாடிகூட நிற்கவில்லை.

டூல்ரூமில் பதினைந்து வருஷம் வேலை பார்க்கிறேன். ஒரு அச்சு டையைத் தொடும் முன் நூறு தடவை அளக்கிறவன். அரை மி.மீ. கழித்தலை ஒரு காகிதத்தில் எழுதியிருந்தால் நின்றிருக்கும். எழுதவில்லை, அது இன்றும் எனக்கு வலிக்கிறது.

இரண்டாவது தடவை, அசல் சிலிண்டர். இந்த முறை மூன்று நாள் அரத்தையே எடுக்கவில்லை. பள்ளிக்கூட ஜியோமெட்ரி பாக்ஸ் போல 360 டிகிரி வட்டத்தை அட்டையில் பிரிண்ட் எடுத்து ஃப்ளைவீல் பக்கம் ஒட்டினேன், கம்பியை வளைத்து முள்ளாக வைத்தேன். பேக்கிங்கோடு ஒரு தடவை, இல்லாமல் ஒரு தடவை அளந்தேன். பிஸ்டன் உச்சியிலிருந்து எண்ணினால் புகைத் துவாரம் 106 டிகிரியில் திறந்தது, பேக்கிங் இல்லாமல் 108. கலவை வழிகள் 124, பேக்கிங் இல்லாமல் 126-ஐத் தாண்டியது. இந்த மெஷினில் அந்த இடத்தில் கால் மி.மீ. என்றால் ஏறக்குறைய ஒரு டிகிரி. புகைத் துவாரத்தின் கூரையை ஒரு மி.மீ. உயர்த்தினால் 104-க்கு வரும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டு, முடிந்த பிறகு அளந்தேன். 104 வந்தது. தரையைத் தொடவில்லை. கலவை வழிகளின் உயரத்தையும் தொடவில்லை. வார்ப்புப் பிசிறுகளை மட்டும் எடுத்தேன்.

புகைத் துவாரத்தின் அகலத்தை 24-லிருந்து 28 மி.மீ. ஆக்கினேன், சிலிண்டர் விட்டத்தில் 58 சதவீதம். அறுபதுக்கு மேல் போனால் ரிங் துவாரத்துக்குள் பிதுங்கி விளிம்பில் மாட்டும் அபாயம் கூடுகிறது. கூரையை நேர்கோடாக வெட்டக் கூடாது, வில் போல வளைவாக இருக்க வேண்டும். ரிங் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி இறங்கும். பிஸ்டனைச் சிலிண்டருக்குள் வைத்து, துவாரத்தின் இரு பக்கமும் பிஸ்டன் சுவர் குறைந்தது இரண்டு மி.மீ. மூடுகிறதா, ரிங்கின் இரண்டு முனையும் சேருகிற இடம் எந்தத் துவாரத்தின் மேலும் போகவில்லையா என்று மார்க்கரால் கோடு போட்டுப் பார்த்தேன்.

தேய்க்கும் திசை முக்கியம். உள்சுவரில் கெட்டியான முலாம் பூச்சு இருக்கிறது, அடியில் மெத்தென்ற அலுமினியம். சுழன்று தேய்க்கும் பர் கருவி வழுக்கினால் பூச்சு ஓரத்தில் செதில் செதிலாகப் பெயரும். டூல்ரூமிலிருந்து கொண்டுவந்த ஃபிளெக்ஸ் ஷாஃப்ட்டில் சின்ன பர் மாட்டி, மெதுவாக, கை நடுங்காமல் மேஜையில் ஊன்றித் தேய்த்தேன். கடைசியில் வைர அரத்தால் விளிம்பைச் சுற்றி லேசாகச் சரிவு எடுக்க வேண்டும், விரலை வைத்துத் தடவினால் எங்கும் கீறக் கூடாது. இந்தச் சரிவுக்கு மட்டும் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. அவசரப்பட்டு இதை விட்டவர்களின் ரிங் முதல் டாங்கிலேயே உடைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இக்னிஷனில் கை வைக்கவில்லை. காயிலுக்கும் ஃப்ளைவீலுக்கும் இடைவெளி 0.3 மி.மீ., பிளக் இடைவெளி 0.5. அவ்வளவே.

கம்ப்ரஷன் 125-லிருந்து 160 பி.எஸ்.ஐ. ஆனது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது, காற்றழுத்தம் சுமார் பத்து சதவீதம் குறைவு. அதே எஞ்சின் சென்னையில் இன்னும் 15 பி.எஸ்.ஐ.க்கு மேல் காட்டும். வெளியூர்க்காரர்களின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டாம். தூங்குமூஞ்சிக் கட்டையில் வெட்டு 18 வினாடி. அதே நாளில் மொட்டைச் செயினை மாட்டிப் பார்த்தேன், 41. நான் செய்த வேலை முழுவதையும் ஒரு மொட்டைச் செயின் தின்றுவிடும். ஐந்தரை மி.மீ. உருண்டை அரம், ஆழம் காட்டும் பல்லை 0.65 மி.மீ. இறக்கத்தில் வையுங்கள், எஞ்சினைத் திறப்பது பற்றி அதற்குப் பிறகு யோசியுங்கள்.

அந்த காற்றழுத்த வித்தியாசம் வேறொரு விதத்தில் என்னை மிரட்டியது. 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டது. பெரம்பூரில் அக்கா வீட்டுச் சுற்றுச்சுவர் மேல் மயில்கொன்றை சாய்ந்து கிடந்தது. மெஷினைக் காரில் போட்டுக்கொண்டு போனேன். அங்கே ஸ்டார்ட் செய்து பாரமில்லாமல் முழு ரேஸ் கொடுத்தேன். பெங்களூரில் அந்த நிலையில் எஞ்சின் தொண்டை கட்டினது போல 'பர்ர்ர்' என்று இடறும். மரத்தில் வைத்ததும் குரல் தெளியும். பெட்ரோல் சரியான அளவில் வருகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். பெரம்பூரில் இடறவே இல்லை. மரத்தைத் தொடும் முன்பே கம்பி இழுத்த மாதிரி கூர்மையாகப் பாடியது. உடனே நிறுத்தினேன். பெங்களூரின் லேசான காற்றுக்கு வைத்த திருகு அது. கடலோரக் காற்று கனம், கலவையில் பெட்ரோல் போதவில்லை. எச் திருகை எட்டில் ஒரு சுற்று திறந்தேன், இடறல் திரும்பியது. அதற்குப் பிறகுதான் முதல் கிளையை வெட்டினேன். அந்தச் சத்தத்தைக் கேட்காமல் நாலு கிளை வெட்டியிருந்தால் பிஸ்டன் அங்கேயே முடிந்திருக்கும்.

இதே பிரச்சினையை இப்போது பெட்ரோலே கொண்டுவருகிறது. 2023 பிப்ரவரியில், இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலை பெங்களூரில்தான் அறிமுகப்படுத்தினார்கள். எத்தனாலுக்குக் காற்று குறைவாகப் போதும், அதனால் பழைய திருகு அளவில் கலவை மெலிந்துவிடும். எச் திருகை மறுபடி கொஞ்சம் திறக்க வேண்டியிருந்தது. பழைய ரப்பர் ட்யூப் ஊறி இளகிவிட்டது, எத்தனால் தாங்கும் ட்யூப் போட்டேன். வேலை முடிந்ததும் டாங்கைக் காலி செய்து, கார்புரேட்டர் வற்றி அணையும் வரை ஓட்டிவிட்டுத்தான் வைக்கிறேன். எத்தனால் ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும். லிட்டருக்கு 25 மில்லி நல்ல டூ-டி ஆயில், கண் அளவில் ஊற்றாமல் மருந்து அளக்கும் சிரிஞ்சில்.

சக்தி கூடிய மெஷினில் செயின் பிரேக் வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். காதடைப்பு இல்லாமல் தொடாதீர்கள், சைலன்சரைத் திறந்தால் சத்தம் இன்னும் மோசம். கர்நாடகத்தில் நிற்கிற மரத்தை வெட்ட, பொதுவாக 1976-ம் வருஷ மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும், உங்கள் வீட்டுத் தோட்டத்து மரமாக இருந்தாலும். விழுந்த மரத்தையும் முறையாக வாங்கிய கட்டையையும் மட்டும்தான் நான் அறுக்கிறேன்.

எல்லாம் முடிந்து மாமாவைப் பட்டறைக்குக் கூட்டிவந்தேன். எழுபத்து நாலு வயசு. மெஷினைக் கையில் வாங்கி எடை பார்ப்பது போல ஒரு தடவை தூக்கி இறக்கினார். தரையில் வைத்து, வலது காலால் கைப்பிடியை மிதித்து, கயிற்றை இழுத்தார். மூன்றாவது இழுப்பில் பிடித்தது. அறுக்கவில்லை. காதடைப்பைக் கழற்றி, தலையைச் சாய்த்து, அது ஐட்லிங்கில் ஓடுவதை ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"ஸ்லோ கொஞ்சம் தூக்கலா இருக்கு. செயின் நகருது பாரு" என்றார்.

குனிந்து பார்த்தேன். நகர்ந்தது, பல் பல்லாக. ஐட்லிங்கில் செயின் அசையக் கூடாது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, ஐட்லிங் வேகத்தை வைக்கும் டி திருகைக் கால் சுற்றுக் குறைத்தேன். நின்றது. தலையாட்டிவிட்டு, காதடைப்பை மாட்டிக்கொண்டு கட்டைப் பக்கம் திரும்பினார்.